முதலாவதாக வாறவர் ஏன் காத்திருக்கிறார்?

போன செமஸ்டரில் ஒரு பாடத்துக்காக நாங்கள் நாலு பேர் சேர்ந்து பழைய மாணவர் சஞ்சிகைகளை ஸ்கான் செய்து ஒரு சின்ன இணையத்தளம் போட்டோம். கையில் காசில்லை, இலவச சேர்வர்தான். மிஸ்ஸுக்குக் காட்டுகிற நாள் முகவரியை அடித்தால் வெள்ளைத் திரை. அரை நிமிசத்துக்கு மேல் ஒண்டும் வரேல்லை. "வேலை செய்யேல்லைப் போல" என்று மிஸ் அடுத்த குழுவுக்குப் போய்விட்டார். அவர் அங்கால திரும்ப, பக்கம் வந்தது. பிறகு எத்தனை தரம் அழுத்தினாலும் ஒரு செக்கனுக்குள் வந்தது.

கணினி படிக்கிற நண்பன் சிரித்தான். "அது கோல்ட் ஸ்டார்ட் மச்சான். கொஞ்ச நேரம் ஆக்கள் வராட்டி புரோகிராமை நிப்பாட்டிப் போடுவாங்கள். அடுத்த ஆள் வரத்தான் திரும்ப எழுப்புவாங்கள்." எனக்கோ வேறு கேள்வி. இப்படி நிப்பாட்டுகிற வழக்கம் எங்கிருந்து வந்தது?

1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் இருந்த என்சிஎஸ்ஏ நிலையத்தின் வெப் சேர்வரோடு சிஜிஐ என்ற முறை வந்தது. எழுதி வைத்த பக்கத்தை எடுத்துக் கொடுப்பதோடு நிற்காமல், ஒரு புரோகிராமை ஓடவிட்டு விடை கொடுக்கும் முறை அது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புரோகிராம் புதிதாகத் தொடங்கும், விடை சொல்லும், முடிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் அடுப்பு மூட்டி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, உடனே அடுப்பை நூர்த்துவிடுகிற கடை மாதிரி. அந்தக் காலத்தில் எல்லாருமே முதல் ஆள்தான்.

1996இல் பாஸ்ட்சிஜிஐ, மொட்பேர்ள் போன்றவை வந்து அடுப்பை எரியவே விட்டன. வேகம் கூடியது. ஆனால் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மெமரி போய்க்கொண்டிருக்கும்.

1990களின் கடைசியில் ஜாவா பரவியபோது முதல் ஆளின் கஷ்டம் தனியாகத் தெரியத் தொடங்கியது. ஜேஎஸ்பி பக்கம் ஒன்றை யாராவது முதன்முதலாகக் கேட்கும்போதுதான் அது கொம்பைல் ஆகும். காத்திருப்பவர் அந்த ஒருவர்தான், பின்னால் வருபவர்களுக்கு அது தெரியவே தெரியாது. பொறியியலாளர்கள் கண்ட வழி எளிது: புதிய பதிப்பைப் போட்டவுடன், சனம் வர முன்னமே தாங்களே ஒரு கோரிக்கை அனுப்பிச் சூடாக்கி வைப்பது. மைக்ரோசொப்டின் ஐஐஎஸ் சேர்வரிலோ 20 நிமிசம் யாரும் வராவிட்டால் புரோகிராமை நிறுத்துவது வழமையான அமைப்பாக இருந்தது. அதை மாற்றாத அலுவலகங்களில் காலமை முதலில் திறக்கிறவர் காத்திருக்க வேண்டி வந்தது.

பிறகு இது வியாபாரமானது. 2008இல் வந்த கூகிள் அப் என்ஜினில் ஆளில்லாத புரோகிராம் நிறுத்தப்படும். பலர் சில நிமிசத்துக்கு ஒருமுறை தங்கட தளத்தைத் தாங்களே தட்டி, அதை முழிப்பாக வைத்திருந்தார்கள். 2010இல் கூகிள் அதற்கு விலை சொன்னது: மாதம் 9 டொலர் கட்டினால் 3 பிரதிகள் எப்போதும் ஓடும். 2014இல் அமேசனின் லாம்ப்டா வந்தது. ஓடின நேரத்துக்கு மட்டும் காசு, ஆனால் முதல் ஆள் காத்திருக்க வேண்டும். 2018இல் அமேசன் வெளியிட்ட பயர்கிராக்கர், சின்ன மெய்நிகர் இயந்திரம் ஒன்றை ஏறக்குறைய 125 மில்லிசெக்கனில் எழுப்பியது. 2022இல் ஜாவாவுக்கு வந்த ஸ்னாப்ஸ்டார்ட், தொடங்கி முடிந்த நிலையைப் படம்போலச் சேமித்து, அங்கிருந்தே தொடர்ந்தது. இடையில் 2019இல், காசு கட்டினால் முன்கூட்டியே சூடாக்கி வைக்கும் வசதியையும் அமேசன் விற்கத் தொடங்கியிருந்தது.

இந்த 30 வருசத்தில் தொழில்நுட்பம் காத்திருப்பைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் கேள்வி மாறேல்லை: ஆளில்லாத நேரத்தில் அடுப்புக்கு விறகு யார் வாங்குவது? கடைக்காரர் வாங்காவிட்டால் முதல் ஆள் தன்ர நேரத்தால் கட்டுகிறார். நிமிசத்துக்கு ஆயிரம் பேர் வாற தளம் ஆறுவதே குறைவு. நாளைக்கு மூண்டு பேர் வாற தளத்துக்கு அந்த மூண்டு பேருமே முதல் ஆள். ஊர் நூலகத்தின் பட்டியல், சின்ன ஆவணகம், எங்கட சஞ்சிகைகள் எல்லாம் இந்த வரிசையில்தான் நிற்கின்றன. வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுப் போனவர் "மெதுவாக இருந்தது" என்று சொல்ல மாட்டார். "அங்க ஒண்டும் இல்லை" என்றுதான் சொல்லுவார்.

நாங்கள் கடைசியில் செய்தது இதுதான். எங்கட புரோகிராம் தொடங்கும்போதே, தேவையோ இல்லையோ, ஸ்கான் பட்டியல் முழுவதையும் படம் கையாளும் நூலகங்களையும் ஏற்றிக்கொண்டிருந்தது. அவற்றைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும்படி மாற்றினோம். பிறகு யோசித்தால், பழைய சஞ்சிகை இனி மாறப்போவதில்லை. அதைக் காட்டப் புரோகிராம் எதுக்கு? பக்கங்களை முன்கூட்டியே ஆக்கி, வெறும் கோப்புகளாகப் போட்டோம். தேடல் மட்டும்தான் இப்பவும் எழும்ப நேரம் எடுக்குது. மற்றதெல்லாம் முதல் ஆளுக்கும் உடனே வருகிறது. 1993க்கு முந்தின வழிதான், சுற்றி வந்து அங்கேயே நிற்கிறோம்.

மிஸ்ஸிட்டத் திரும்பக் காட்டினோம். நல்லாயிருக்கு என்றார். புள்ளி போனது போனதுதான்.