கல்வெட்டு மைப்படி: வருடலும் படக்கோப்புப் பராமரிப்பும்

கல்வெட்டின் மேல் ஈரத்தாளைப் பரப்பி, தூரிகையால் தட்டி எழுத்துக் குழிகளில் படிய வைத்து, மை ஒற்றி எடுக்கும் நகல் மைப்படி எனப்படும். அதில் கருமைக்கு நடுவே எழுத்து வெள்ளையாகத் தெரியும். ஸ்கேனர் எனப்படும் வருடியால் இப்படிகளைப் படக்கோப்புகளாக்கி, பெயரிட்டு, கணினியில் பாதுகாப்பது கல்வெட்டு மின்னாக்கத்தின் அடிப்படைப் பணி.

திருமுக்கூடல் கல்வெட்டு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் உள்ளது திருமுக்கூடல். இங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் (ஆட்சி 1063–1070) நெடிய கல்வெட்டு இருக்கிறது. கோயிலைச் சார்ந்து நடந்த பள்ளி, மாணவர் விடுதி, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை (மருத்துவமனை) ஆகியவற்றை அது விவரிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர் ஆகியோருக்கான ஊதியமும், சேமிப்பில் இருக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உள்ளன. கல்வெட்டு ஆண்டறிக்கையில் இதன் எண் 1915-ஆம் ஆண்டின் 182. எபிகிராபியா இண்டிகாவின் 21-ஆம் தொகுதியில் இது பதிப்பிக்கப்பட்டது. மருந்துப் பெயரில் ஓர் எழுத்து மங்கினாலும் பொருள் மாறிவிடும் என்பதால் இத்தகைய கல்வெட்டுக்கு நல்ல படம் இன்றியமையாதது.

வருடல்

ஏ4 அளவுத் தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வருடினால் 2480 × 3508, அதாவது சுமார் 87 லட்சம் படப்புள்ளிகள் கிடைக்கும். சுருக்காமல் சேமித்தால் சாம்பல் நிறப் படம் ஏறத்தாழ 8.7 எம்பி, வண்ணப் படம் 26 எம்பி. 600 புள்ளியில் இவை நான்கு மடங்காகும். அச்சு நூலுக்கு 300 போதும். சிறிய புகைப்படத்துக்கும் நுண்ணெழுத்துக்கும் 600 ஏற்றது.

பழைய தாளைத் தானாக இழுக்கும் வருடியில் விடக்கூடாது; மடிப்பில் கிழியும். பெரிய படியை, விளிம்புகள் சற்று ஒன்றன்மேல் ஒன்று அமையுமாறு பகுதி பகுதியாக வருடி இணைக்கலாம், அல்லது அளவுகோல் வைத்துக் கேமராவில் எடுக்கலாம். ஓரத்திலோ பின்புறத்திலோ எண் எழுதியிருந்தால் அதையும் படமாக்க வேண்டும்.

மூலப் படத்தில் புள்ளிநீக்கும் வடிகட்டியைப் பயன்படுத்தக்கூடாது. சோழர்காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. அரிதாக இட்ட புள்ளியைக் கல் சிதைவென்று கருதி மென்பொருள் அழித்துவிடும். அது புள்ளியா, கல்லின் பொரிவா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் கல்வெட்டு ஆய்வாளர்.

கோப்பு வகை

மூலக்கோப்பு டிஃப் வடிவில் இருக்க வேண்டும். அதில் விவர இழப்பின்றிச் சேமிக்கலாம். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் நுண்விவரம் குறையும். எனவே ஜேபெக் நகலைப் பார்வைக்கும் பகிர்வுக்கும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

பெயரும் விவரமும்

வருடி தானாக இடும் வரிசை எண்ணிலிருந்து படம் எந்த ஊரைச் சேர்ந்தது என்று தெரியாது. ஆண்டறிக்கை எண்ணையே கோப்பின் பெயராக்குவது சிறந்த வழி. 1915-182-001 என்ற பெயர், திருமுக்கூடல் கல்வெட்டின் முதல் படத்தைக் குறிக்கும். 1, 2 என எழுதாமல் 001, 002 என எழுதினால் பத்தாவது படம் இரண்டாவதற்கு முன் வராது, வரிசை குலையாது. ஊர், கோயில், சுவரில் உள்ள இடம், அரசன், ஆட்சியாண்டு, வருடிய நாள் ஆகியவற்றை அட்டவணையில் பதிய வேண்டும்.

காப்பு

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்கள், அவற்றில் ஒரு பிரதி வேறு ஊரில் என்பது பொது விதி. 2015 பெருவெள்ளத்தில் சென்னை, காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஏராளமான வீடுகளின் தரைத்தளங்கள் மூழ்கியதை நினைத்தால் வேறு ஊரில் ஒரு பிரதி வைப்பதன் தேவை விளங்கும். ஆண்டுக்கொரு முறை கோப்புகளைத் திறந்து சரிபார்ப்பதும், பழைய வட்டிலிருந்து புதியதற்கு மாற்றுவதும் அவசியம்.

மின்கோப்பு இருக்கிறது என்பதற்காக மைப்படியைக் கழித்துவிட முடியாது. தாளில் பதிந்த மேடு பள்ளத்தைத் தட்டை வருடி முழுமையாகக் காட்டாது. மைசூருவிலிருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் ஆணையிட்டது. கல், தாள், கோப்பு மூன்றும் காக்கப்பட வேண்டியவை.