ஸிர்ஸாம் முதல் மூளைக் காய்ச்சல் வரை

எங்களுக்குப் படிப்பித்த சேர் ஒருவர் தன்னாமுனையில் வாவிக்கரைப் பக்கமாக இருக்கிறார். ஏறாவூரிலிருந்து மயிலம்பாவெளி தாண்டினால் கொஞ்சத் தூரம்தான். நோன்புக்கு முன்னர் அவரைப் பார்க்கப் போனேன். வலது கை ஓயாமல் நடுங்குகிறது. கோப்பையைப் பிடித்தால் தேத்தண்ணி பாதி நிலத்தில். பார்க்கின்சன் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். புறப்படும்போது கேட்டார்: "தம்பி, சின்ன வயசில எனக்கு மூளைக் காய்ச்சல் வந்து பத்து நாள் நினைவில்லாமக் கிடந்தன் எண்டு எங்கட அம்மா சொல்லுவா. அது உள்ளுக்குள்ள கிடந்து இப்பதான் வேலையக் காட்டுதோ?"

நான் வைத்தியன் இல்லை, பழைய கிதாபுகளைப் புரட்டுகிறவன். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ஆனால் கேள்வி விடவில்லை.

எந்த நோயைப் பற்றி எழுதினாலும் "இதை இப்னு ஸீனா அன்றே கண்டுபிடித்துவிட்டார்" என்று முடிப்பது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அப்படி எழுதியவர்களில் நானும் ஒருவன். இம்முறை கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இப்னு ஸீனா (980–1037) எழுதிய அல்-கானூன் ஐந்து நூல்களைக் கொண்டது. மூன்றாவது நூல் தலையில் தொடங்கிக் கால்வரை உறுப்பு உறுப்பாக நோய்களைப் பேசுகிறது. அங்கே தலையில் வரும் 'வரம்', அதாவது வீக்கம், பற்றி ஒரு வாதம் வருகிறது. மூளை மிக மென்மையானது, எலும்பு மிகக் கடினமானது, இரண்டும் விரியாது, விரியாதது வீங்காது என்று சிலர் சொல்லிவந்தார்கள். இப்னு ஸீனா இதை மறுக்கிறார். பிசுபிசுப்புள்ள மென்பொருள் விரியும், எலும்பும் வீங்கும் என்கிறார். அந்த நோய்க்கு அவர் சொல்லும் பெயர் ஸிர்ஸாம். பாரசீகத்தில் 'ஸர்' தலை, 'ஸாம்' வீக்கம். சூடான ஸிர்ஸாமில் காய்ச்சலும் பிதற்றலும் வரும். குளிர்ந்த ஸிர்ஸாமுக்கு லீஸர்கஸ் என்ற கிரேக்கப் பெயரைத் தந்து, அதன் பொருள் 'நிஸ்யான்', மறதி, என்கிறார். மூளை வீக்கத்தையும் மறதியையும் ஒரே நோய்க்குள் வைத்துப் பார்த்திருக்கிறார் என்பதுதான் இதில் முக்கியம். காரணமாக அவர் சொன்னது பல்கம், நம் ஊர்ப் பரிசாரிமார் சொல்லும் கபம் போன்றது. கிருமியும் உயிரணுவும் அவருக்குத் தெரியாது. வீக்கம் தணிந்து பல வருடம் கழித்து மூளை தேயலாம் என்றும் அவர் சொல்லவில்லை.

அதைப் பார்க்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1917ல் வியன்னாவில் கொன்ஸ்டன்டின் வொன் எக்கொனோமோ ஒரு புதுவகை மூளை அழற்சியை விவரித்தார். நோயாளிகள் நாட்கணக்கில், வாரக்கணக்கில் தூங்கினார்கள். அவர் வைத்த பெயர் என்செபலைட்டிஸ் லெதார்ஜிகா. லீஸர்கஸ் என்ற அதே பழைய சொல்! 1920களின் பிற்பாதியில் அந்நோய் ஏறக்குறைய மறைந்துபோனது. ஆனால் பிழைத்தவர்களில் பலருக்கு, சிலருக்குப் பல வருடங்களுக்குப் பின், பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் விறைப்பும் வந்தன. அப்படிச் சிலையாக உறைந்திருந்தவர்களுக்குத்தான் 1969ல் நியூயோர்க்கில் ஒலிவர் சாக்ஸ் லெவோடோபா மருந்து கொடுத்தார். எழுந்து நடந்தவர்களில் பலரும் மீண்டும் சரிந்தார்கள். அந்தக் காய்ச்சலின் காரணம் இன்றுவரை முடிவாகவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1985–86ல் அநுராதபுரத்தில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவி 300க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. புதிதாக நீர் பாய்ந்த வயல்களில் கியூலெக்ஸ் நுளம்பு பெருகியது. அதே காலத்தில் பன்றி வளர்ப்பும் ஊக்குவிக்கப்பட்டது. வைரஸ் பன்றியில் பெருகி நுளம்பு வழியாக மனிதனுக்கு வரும். "நாம பண்டி தின்றதில்லையே, நமக்கு வராது" என்று எங்கள் ஊரில் ஒரு பெரியவர் சொன்னது நினைவிருக்கிறது. நுளம்பு ஆளின் மார்க்கம் கேட்டுக் குத்துவதில்லை. கொக்குகளிலும் அந்த வைரஸ் இருக்கும், கொக்குக்கு எங்கள் வாவியில் என்ன குறை! 1988ல் தடுப்பூசி தொடங்கியது. இந்த நோயில் தப்பியவர்கள் சிலரிடமும் கைகால் விறைப்பும் நடுக்கமும் தங்கிவிடுகின்றன. அசைவைக் கட்டுப்படுத்தும் மூளையின் ஆழப் பகுதிகளை அது தாக்குவதே காரணம்.

காய்ச்சலே வராதவர்களுக்கும் பார்க்கின்சன் வருகிறதே? இங்கேதான் 'அழற்சி' என்ற சொல்லின் பொருள் விரிகிறது. மூளையின் காவற்காரர்களான மைக்ரோக்ளியா உயிரணுக்களுக்கு 1919ல் பெயரிட்டவர் ஸ்பானியரான ரியோ ஒர்ட்டேகா. கழிவைத் தின்று துப்புரவாக்குவது அவற்றின் வேலை. 1988ல் வன்கூவரில் பட்ரிக் மக்கீர் குழுவினர், பார்க்கின்சன், அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளையில் இவை கிளர்ந்தெழுந்த நிலையில் இருப்பதைக் காட்டினார்கள். கிளர்ச்சி அடங்காவிட்டால், அவை விடும் இரசாயனங்கள் பக்கத்திலுள்ள நல்ல நரம்பணுவையும் கெடுக்கும். கள்ளனைப் பிடிக்க வந்தவன் வீட்டையே உடைப்பது போல. ஆனால் எது முதலில், தேய்வா அழற்சியா? இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். மைக்ரோக்ளியாவில் வேலை செய்யும் டிரெம்2 மரபணுவின் ஓர் அரிய மாற்றம் அல்சைமர் அபாயத்தை ஏறத்தாழ 3 மடங்காக்குவதாக 2013ல் வந்த ஆய்வுகள் காட்டிய பிறகு, அழற்சியை வெறும் விளைவு என்று ஒதுக்க முடியாமல் போனது.

அப்படியானால் அழற்சிக் குளிசை போட்டால் போதுமே என்று தோன்றும். மூட்டுவாதத்துக்கு அக்குளிசைகளை நெடுங்காலம் போட்டவர்களுக்கு அல்சைமர் குறைவு என்று முன்பு கண்டிருந்தார்கள். அமெரிக்காவில் 2,500க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நப்ரொக்ஸன், செலிகொக்ஸிப் இரண்டையும் சோதித்தார்கள். இதயத்துக்கு ஆபத்து என்ற அச்சத்தால் 2004ல் நிறுத்தினார்கள். மறதி நோயைத் தடுத்ததற்கும் சான்று கிடைக்கவில்லை. பார்மசியில் சும்மா வாங்கி விழுங்குகிற நம் ஆட்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்.

பெருநாள் கழிந்து சேரிடம் மறுபடி போனேன். பார்க்கின்சன் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு காய்ச்சல் வந்ததே இல்லை, உங்களுக்கு அதுதான் காரணமா என்று கிதாபைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஆனால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிளினிக் கொப்பியை நீட்டினார்.

"நீயே எழுது தம்பி. என்ட எழுத்து இப்ப எனக்கே விளங்காது."

அவர் அம்மா சொன்னபடியே எழுதினேன். பத்து நாள், நினைவில்லை, ஏழு வயது.