போகி: ஒரு சொல், இரு வழக்குகள்

தைப்பொங்கலின் முந்தைய நாளைத் தமிழரும் மராத்தியரும் போகி என்றே அழைக்கின்றனர்; பொருள்தான் வேறு. தமிழ் வழக்கில் அது ‘பழையன போக்கல்’, பழம்பொருள்கள் எரிக்கப்படுகின்றன. மராத்தியில் ‘போகம்’, அதாவது நுகர்வு, என்னும் பொருளே நிலைத்தது. புனே வீடுகளில் அன்று பச்சைக் கொண்டைக்கடலை, அவரை, கத்தரி, கேரட் ஆகியவை எள்ளும் நிலக்கடலையும் சேர்ந்து ஒரே கறியாகும். உடன் எள் தூவிய கம்பு ரொட்டி. 1886இல் ரே சந்தையாகத் திறக்கப்பட்ட இன்றைய மகாத்மா புலே சந்தை அந்நாள்களில் இக்காய்களால் நிறைகிறது.

இவற்றுள் நிலக்கடலை தென்னமெரிக்கப் பயிர். கொலம்பஸின் 1492 பயணத்துக்குப் பின்னரே இந்தியாவை எட்டியது. ஆகவே இம்மரபு காத்தது மாறாத காய்ப்பட்டியலை அன்று; விளைந்ததை விளைந்த பருவத்திலேயே உண்ணும் நெறியை. புதுப்பயிரை ஏற்ற அந்நெறிக்குக் குளிர்பதனக் கிடங்கே கடுஞ்சோதனை. பட்டாணி ஆண்டு முழுதும் கிடைக்கையில், போகியில் பெயர் மட்டுமே எஞ்சக்கூடும்.