கொங்கு வரலாறு: பதிவேடு வரைந்த வரைபடம்

1992-ல் தமிழக அரசு, பெண் சிசுவைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. அதற்குக் காரணம் இருந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேர்தான். மாநிலச் சராசரியோ 948.

ஆனாலும் பெண் சிசுக்கொலை என்றாலே அன்று எல்லோரும் மதுரை மாவட்டத்து உசிலம்பட்டியைத்தான் கைகாட்டினார்கள். ஒரு வட்டாரத்தின் மீதும் ஒரு சாதியின் மீதும் பழி விழுந்தது. மற்ற ஊர்கள் தப்பித்துக்கொண்டன.

உண்மை ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் கிடந்தது. கிராம சுகாதார செவிலியர் தன் பகுதியின் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் எழுதியாக வேண்டும். பிறந்த சில நாளிலேயே பெண் சிசு இறந்திருந்தால், காரணம் கேட்கும் கட்டத்தில் ‘சமூகக் காரணம்’ என்று எழுதும் வழக்கம் இருந்தது. கொலை என்று எழுதிவிட்டு அதே ஊரில் மறுநாள் வேலை பார்க்க முடியாது. எழுதாமல் விடவும் செவிலியர்களுக்கு மனம் வரவில்லை.

1995-ஆம் ஆண்டின் அந்தப் பதிவுகளைப் பொருளியல் அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் ஆராய்ந்து 1997-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். மரணங்களை இடம் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மதுரை, திண்டுக்கல்லில் தொடங்கி சேலம், தருமபுரி வழியே வட ஆர்க்காடு வரை அறுபடாத ஒரு பட்டை தெரிந்தது. இது ஒரு சாதியின் குற்றமல்ல என்பதும், எங்கே போய் வேலை செய்ய வேண்டும் என்பதும் ஒருசேரத் துலங்கின.

அந்தப் பட்டையில் இருந்த தருமபுரியில், பெண் சிசுக்கொலைக்கு எதிராகக் கலைப்பயணக் குழுக்கள் கிராமம் கிராமமாகச் சென்று வீதி நாடகம் போட்டன. 2001 கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தின் குழந்தைப் பாலின விகிதம் 826. அதே ஆண்டு தொட்டில் திட்டம் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு விரிந்தது. 2011-ல் சேலமும் தருமபுரியும் 910-ஐத் தாண்டின. ஆனால் மாநிலச் சராசரியான 943-ஐ இரண்டும் எட்டவில்லை.

இறப்புப் பதிவுகளுக்கும் ஓர் எல்லை உண்டு. பெண் என்று ஸ்கேனில் பார்த்துக் கருவிலேயே அழித்தால், இறப்புப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறாது. பிறப்புக் கணக்கு ஒன்றே காட்டிக்கொடுக்கும். மாவட்டச் சராசரிக்குள் ஒன்றியங்கள் ஒளிந்துகொள்ளும் என்பதால், பிறப்புப் பாலின விகிதத்தை ஒன்றியம் வாரியாக வரைபடமாக்கி ஒவ்வோர் ஆண்டும் மக்கள் பார்வைக்கு வையுங்கள். கொங்கு மாவட்டங்களின் ஆட்சியர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

(தொடரும்)