நான் கையெழுத்து வைக்கமாட்டன்

போன வருஷம் எங்கட பீடத்தில் உளநலம் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தோம். பட்ச்சில் ஒருத்தி எங்களிடம் சொல்லி அழுத கதையை, பெயரையும் ஊரையும் மாற்றி ஒரு சின்ன நாடகமாக்கினோம். நல்ல கைதட்டல். அவளும் சபையில் இருந்தாள். பாதியில் எழும்பிப் போனவள், பிறகு எங்களோடு கதைக்கவில்லை. "நாங்கள் கெட்டதொண்டும் நினைக்கேல்லையே" எண்டு எங்களில் ஒருவர் கனநாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மைதான், கெட்டதொன்றும் நினைக்கவில்லை. அந்த உண்மையை வைத்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் இத்தாலிய உளமருத்துவர் பிராங்கோ பஸாலியாவைப் பற்றித் தேடித்தேடி வாசித்தோம். ஒருவர் உளநலப் பணிக்கு ஏன் வருகிறார், வந்த பிறகு தன் கையில் இருக்கிற அதிகாரத்தை என்ன செய்கிறார் என்ற ரெண்டு கேள்வியும் எங்களுக்குள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. அவருடைய வாழ்க்கையைப் பார்த்தபோது அவை கொஞ்சம் பிரிந்து தெரிந்தன.

பஸாலியா 1924 இல் வெனிஸில் பிறந்தவர். பாதுவாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, பாசிச எதிர்ப்பு வேலைகளில் ஈடுபட்டதற்காக 1944 இன் கடைசியில் கைதாகி, போர் முடியும்வரை சிறையில் இருந்தார். அப்போது அவருக்கு 20 வயது. எங்கட வயசு. 1961 இல் கொரிட்சியா நகரின் மனநோய் வைத்தியசாலைக்குப் பணிப்பாளராகப் போனார். யூகோஸ்லாவிய எல்லையை ஒட்டிய அந்த இடத்தில் 500 பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். உள்ளே கால் வைத்ததுமே பழைய சிறையின் மணம் திரும்ப வந்தது போல உணர்ந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இந்த மணக் கதை நல்லாப் பிடிக்கும். துன்பப்பட்டவன் துன்பப்படுகிறவனைப் புரிந்துகொண்டான் என்று முடித்துவிடலாம். ஆனால் இந்தமுறை பஸாலியா கைதி இல்லையே. திறப்புக் கோர்வை அவருடைய கையில்தான் இருந்தது. தனக்கும் சிறை தெரியும் என்பதால் உள்ளே இருக்கிறவர்களுக்கு அவர் சிறைக் காவலர் இல்லை என்று ஆகிவிடாது.

அந்த நேரம் இத்தாலியில் நடைமுறையில் இருந்தது 1904 ஆம் ஆண்டுச் சட்டம். தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர், அல்லது பொது இடத்தில் வெட்கக்கேடாக நடக்கிறவர் என்று கண்டால் அடைத்து வைக்கலாம். அடைபட்டவரின் பெயர் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறும். சுகம் கிடைக்கும் என்று யாரும் பெரிசாக எதிர்பார்க்கவில்லை. காவல்தான் நோக்கம். (நாங்களும் ஒருவரோடு ஒருவர் பகிடி விட "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்போணும்" எண்டு சொல்லித்தான் வளர்ந்தோம். 1904 இல் இத்தாலியர் சட்டமாக எழுதி வைத்ததை நாங்கள் பகிடியாக வைத்திருந்தோம், அவ்வளவுதான்.)

பணியேற்றதும், முதல் நாள் இரவு யார் யாரைக் கட்டிலோடு கட்டினார்கள் என்ற பதிவேட்டைத் தலைமைத் தாதி கொண்டுவந்து நீட்டினார். பணிப்பாளர் ஒப்பமிடவேண்டும், அது வழமை. தான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று பஸாலியா வெனிஸ் பேச்சுவழக்கில் சொன்னார் என்கிறார்கள். இந்தச் சம்பவத்தில் எங்களைப் பிடித்து நிறுத்தியது அவருடைய வீரம் இல்லை, அந்தப் பதிவேடுதான். கட்டியவர் ஒருவர், கட்டச் சொன்னவர் இன்னொருவர், ஒப்பமிடுகிறவர் இரவில் அங்கே இருந்ததே இல்லை. ஒருவரும் கெட்டவர் இல்லை. காலையில் ஒரு கையெழுத்தோடு எல்லாம் சரியாகிவிடும்.

பிறகு நடந்தது மெதுவான வேலை. கட்டுவதை நிறுத்தினார்கள், வேலிகளைக் கழற்றினார்கள், பூட்டிய வாட்டுக்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். நோயாளர், தாதியர், வைத்தியர் எல்லாரும் ஒன்றாக இருந்து பேசும் கூட்டங்கள் தொடங்கின. தாதியர் பலர் பயந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. பழைய முறையில் நோயாளி தப்பினால் முதலில் பதில் சொல்லவேண்டியது தாதிதான். கதவைத் திறக்கச் சொல்கிறவர் பணிப்பாளர், திறந்த கதவடியில் நிற்கிறவர் குறைந்த சம்பளக்காரர்.

1968 செப்டம்பரில் அந்தப் பயம் மெய்யானது. ஒரு நாள் விடுப்பில் வீட்டுக்குப் போன நோயாளி ஒருவர் தன் மனைவியைக் கொன்றார். பஸாலியா மேல் வழக்கு வந்தது, பிறகு விடுதலையானார். நாங்கள் வாசித்தவற்றில் இந்தச் சம்பவம் பெரும்பாலும் அவருக்கு வந்த நெருக்கடியாகவே வருகிறது. செத்துப்போன மனுசி ஒரு வரியில் வந்து போகிறார். கொரிட்சியாவில் செய்தது சரி என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனாலும் அந்த ஒரு வரியை எங்களால் கடந்து போக முடியவில்லை.

1971 இல் அவர் திரியெஸ்தே போனார். அங்கே கிட்டத்தட்ட 1200 பேர். அதுவரை நோயாளர் கூட்டிக் கழுவியதற்கெல்லாம் "சிகிச்சை" என்று பெயர், சம்பளம் கிடையாது. திரியெஸ்தேயில் அதே ஆட்கள் ஒரு கூட்டுறவுச் சங்கமாகி, ஒப்பந்தம் போட்டு, அதே வேலைக்குக் கூலி வாங்கினார்கள். அடுத்ததாக 1973 இல், மரத்தாலும் காகிதக் கூழாலும் ஒரு பெரிய நீலக் குதிரை செய்தார்கள். வைத்தியசாலையின் சலவை வண்டி இழுத்த மார்க்கோ என்ற கிழட்டுக் குதிரையின் பெயர்தான் இதுக்கும். அந்தக் குதிரையை இறைச்சிக்கு விற்கவேண்டாம் என்று நோயாளர் முன்பே கடிதம் எழுதிக் காப்பாற்றியிருந்தார்கள். நீலக் குதிரை வாசலால் போகாத அளவு பெரிசு. வழியை உடைத்துத்தான் வெளியே கொண்டுபோனார்கள், பின்னால் நூற்றுக்கணக்கானோர் நகருக்குள் நடந்தார்கள்.

1978 மே 13 இல் 180 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. புதிய மனநோய் வைத்தியசாலைகள் கட்டக்கூடாது, இருப்பவற்றைப் படிப்படியாக மூடவேண்டும். எல்லாரும் அதைப் பஸாலியா சட்டம் என்கிறார்கள். அவரோ அதில் முழுத் திருப்தி இல்லாமலேதான் இருந்தார். 1980 இல் மூளைக் கட்டியால் இறந்தார், 56 வயது. வைத்தியசாலைக்குப் பதிலாக வரவேண்டிய சமூக நிலையங்கள் பல பிராந்தியங்களில் வந்துசேரக் கனகாலம் எடுத்தது. இடையில் பாரம் வீடுகள் மேல் விழுந்தது. வீடென்றால் பெரும்பாலும் அம்மாவும் அக்காவும் மனைவியும்தான்.

அந்த மிச்ச வேலையைப் பிடித்துக்கொண்டவர் பிராங்கா ஒங்காரோ. பஸாலியாவின் மனைவி என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். அவரோடு சேர்ந்து எழுதியவர், ஏர்விங் கோஃப்மனின் புகலிடங்கள் பற்றிய நூலை இத்தாலியத்துக்குக் கொண்டுவந்தவர். 1983 இல் செனட்டுக்குத் தெரிவாகி, அந்தச் சட்டம் வெறும் காகிதமாகக் கிடக்காமல் நடைமுறைக்கு வரவேண்டும் என்று வருஷக்கணக்காக உழைத்தார். அவருக்குச் சிறை மணக் கதை ஒன்றும் இல்லை. ஏன் வந்தார் என்று யாரும் பெரிசாகக் கேட்டதாகவும் தெரியவில்லை.

இந்த வருஷமும் நிகழ்ச்சி செய்யச் சொல்லிக் கேட்டார்கள். நாடகம் வேண்டாம் என்பதில் எங்களுக்குள் பிரச்சினை இல்லை. ஆனால் அவளிட்ட நாங்கள் இன்னும் மன்னிப்புக் கேட்கேல்ல. கேட்டால் அது அவளுக்காகவா, எங்கட பாரம் குறையவேண்டும் என்றா என்று போன கிழமையும் கன்டீனில் இருந்து விவாதித்தோம். அவள் பக்கத்து மேசையில்தான் இருந்தாள்.