ஒரு பவுண்டு தானியம்: தாது வருஷப் பஞ்சமும் சேலம் மாவட்டத்தின் உணவளவும்

நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர் வட்டங்களையும் உள்ளடக்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தின் மானாவாரிச் சமவெளியில், நெல்லுச்சோறு விசேஷ நாளுக்கு உரியதாகவும், கேழ்வரகுக் களியும் கம்மங்கூழும் அன்றாடத்துக்கு உரியனவாகவும் இருந்தன. கொதிக்கும் உலையில் மாவைக் கொட்டித் துடுப்பால் கிளறி, ஈரக் கையால் உருட்டிவைக்கும் களியின் அளவு உண்பவரின் உழைப்பைப் பொறுத்தது. கிணற்றில் கவலை இறைப்பவருக்கும் ஏர் பூட்டுபவருக்கும் வைக்கும் உருண்டையை, திண்ணையில் இருக்கும் முதியவருக்கு யாரும் வைப்பதில்லை.

1876ஆம் ஆண்டில் பருவமழைகள் பொய்த்து, தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்லப்படும் கொடுமை தொடங்கியபோது, இந்த அளவு அடுப்படியிலிருந்து அரசு அலுவலகத்துக்குப் போயிற்று. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணச் செலவு மிகுந்துவிட்டது என்று கருதி, 1877இன் தொடக்கத்தில் நிவாரண வேலை செய்யும் ஆண் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 454 கிராம் தானியத்தின் விலையும் அதற்கு மேல் ஓர் அணாவும் போதும் என்று வரையறுத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், மண் வெட்டிக் கல் உடைக்கும் உடலுக்கு இது போதாது என்று கடுமையாக எதிர்த்தார். மருத்துவம் கார்னிஷின் பக்கமே இருந்தது என்பதை இன்றைய அளவுகோல்கள் ஐயமறக் காட்டுகின்றன.

உணவு தரும் ஆற்றலை அளக்கும் அலகு கலோரி. ஒரு பவுண்டு அரிசியில் சுமார் 1,600 கலோரி உண்டு. கடின உழைப்பில் ஈடுபடும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அன்றைய குடியானவரின் எடையை 50 கிலோ என்று குறைத்துக்கொண்டாலும் 2,650க்கு மேல் வருகிறது. அணாவுக்கு வாங்கிய உப்பும் பருப்பும் சற்றே ஈடுசெய்தாலும், நாள்தோறும் ஆயிரம் கலோரி அளவுக்குப் பற்றாக்குறை விழுந்தால் வாரத்துக்கு ஒரு கிலோவை ஒட்டி எடை இறங்கும். அமர்ந்தே வேலைசெய்யும் பருத்த உடலுக்கு இதே 1,600 கலோரி சேமித்த கொழுப்பைக் கரைக்கும் நல்ல பத்தியமாகலாம். கரைக்கக் கொழுப்பே இல்லாத உடலோ தன் தசையைத்தான் எரித்தாக வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனையில், ஏறக்குறைய இதே அளவு உணவை 24 வாரம் உண்ட 36 இளைஞர்கள் தம் எடையில் கால் பங்கை இழந்தனர். அவர்களுக்கு விதிக்கப்பட்டது வாரம் 22 மைல் நடை. சேலத்துக் கூலியாளுக்கோ நாள் முழுதும் கடப்பாரை, அதன் பிறகு கூலியில் பங்கு கேட்கும் பிள்ளைகள்.

1877ஆம் ஆண்டிலேயே சென்னை அரசு டெம்பிள் வரையறுத்த அளவை உயர்த்தியது. பஞ்சத்தை ஆராய அமைக்கப்பட்ட பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை தந்தது. அதன்பின் வந்த பஞ்ச விதித்தொகுப்புகள் வேலையின் கடுமைக்கேற்பக் கூலியைத் தரம் பிரித்தன. பட்டினியாலும், மெலிந்த உடல்களை எளிதில் வீழ்த்திய காலராவாலும் காய்ச்சலாலும், பிழைப்புத் தேடிப் பலர் ஊர்விட்டுப் போனதாலும், 1871இல் 19,66,995ஆக இருந்த சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1881இல் 15,99,595ஆகச் சுருங்கியிருந்தது; 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் அது பழைய எண்ணிக்கையை எட்டவில்லை.