கல்மரமும் மரக்கன்றும்

மவுத்தை நினைப்பவன் உலகை வெறுத்தொதுங்க வேண்டும் என்று கருதுவோர் நம்மிடையே உளர். மவுத்து வருமுன் ஆனமட்டும் அனுபவித்துவிட வேண்டும் என்போரும் உளர். இவ்விரு சாராரும் ஒருமுறை பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் வரலாற்றைப் பார்ப்பது நலம்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாகிக் கிடக்கிறது. 1940ஆம் ஆண்டில் நிலவியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதனைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அதன் வயதைச் சுமார் 12 கோடி ஆண்டுகள் என நிலவியல் துறையினர் மதிப்பிட்டுள்ளனர். அன்று இப்பகுதியில் கடல் இருந்தது. வெள்ளம் அடித்து வந்த மரம் அக்கடலடி மண்ணில் புதையுண்டு கல்லாயிற்று என்பர்.

அக்கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள் படிந்து உண்டானதே அரியலூர்ச் சுண்ணாம்புக்கல். அதனை வெட்டியெடுத்துச் சிமெண்ட் ஆக்குகிறார்கள். 1979இல் தமிழக அரசின் ஆலையும் அரியலூரில் தொடங்கப்பெற்றது. என்றோ மாண்டவற்றின் எச்சம் இன்று நம் இல்லங்களுக்குச் சுவராக நிற்கிறது. அச்சுவர்களுக்குள்ளே நிக்காஹ் நடக்கிறது; பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்லப்படுகிறது. அழிவின் மீதே வாழ்வு எழுப்பப்படுவதை இம்மண்ணில் கண்கூடாகக் காண்கிறோம்.

கோடியாண்டுக் கணக்கைப் படிக்கையில் நெஞ்சு பதறுவதில்லை. ஆனால் இதே மண்ணில் ஒரே விடியலில் நேர்ந்த மரணங்களை எண்ணினால் இன்றும் பதறுகிறது. 1956 நவம்பர் 23ஆம் நாள், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு இரயில் அரியலூரைக் கடந்து கல்லகம் நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பெருமழையால் மருதையாறு பொங்கிப் பெருகியிருந்தது. வெள்ளத்தால் வலுவிழந்த பாலம் இற்றுப்போக, இயந்திரமும் பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காலையில் ஊர் போய்ச் சேர்வோம் என்ற நம்பிக்கையில் கண்ணயர்ந்தவர்கள் அவர்கள்.

இயற்கையின் சீற்றம் என்று சொல்லி அப்போதைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ஒதுங்கியிருக்கலாம். பாலத்தைக் கட்டியவரும் அவரல்லர்; இரயிலை ஓட்டியவரும் அவரல்லர். ஆயினும் பதவி விலகினார். அதே ஆண்டில் மகபூப்நகர் அருகே நேர்ந்த விபத்துக்காக அவர் விலக முன்வந்தபோது பிரதமர் நேரு இசையவில்லை; அரியலூருக்குப் பின் இசைந்தார். தம் பொறுப்பில் விடப்பட்ட உயிர்களை அவர் அமானிதமாகக் கருதினார் என்றே நாம் இதற்குப் பொருள் கொள்கிறோம். கத்ரை நம்புகிற நமக்கு இதில் பாடமுண்டு. எல்லாம் இறைவன் நாட்டப்படியே நடக்கும் என்பது நம் ஈமான். அதனைச் சாக்காக்கிக் கடமையிலிருந்து நழுவுவதற்கு நமக்கு அனுமதியில்லை.

அதே சாஸ்திரி 1964இல் நாட்டின் பிரதமரானார். 1965இல் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டன. 1966 ஜனவரி 10ஆம் நாள் தாஷ்கண்ட் நகரில் அயூப்கானுடன் சமாதான உடன்படிக்கையில் அவர் கையெழுத்திட்டார். சில மணி நேரத்தில், மறுநாள் அதிகாலைக்கு முன்பே, அவர் உயிர் பிரிந்தது. நேற்று வரை எதிரணியில் நின்ற அயூப்கான் அவருடைய பேழைக்குத் தோள் கொடுத்தார்.

தாஷ்கண்ட் இன்று உஸ்பெகிஸ்தானின் தலைநகர். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பிறந்த புகாராவும் அந்நாட்டிலேயே உள்ளது. அவர்கள் தொகுத்த அல்-அதபுல் முஃப்ரத் என்னும் நூலில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை ஒன்று காணப்படுகிறது. கியாமத்தே வந்துவிட்டாலும், கையில் மரக்கன்று வைத்திருப்பவர் இயலுமாயின் அதனை நட்டுவிட வேண்டும் என்பது அதன் கருத்து. அக்கன்றின் கனியைப் புசிக்க எவரும் இருக்கப்போவதில்லை. ஆயினும் நடுமாறு ஏவப்படுகிறோம். கனிக்கு நாம் பொறுப்பல்லர், நடுவதற்கே பொறுப்பு.

தாஷ்கண்ட்டில் நட்ட கன்றும் நெடுநாள் கனி தரவில்லை. 1971இல் மீண்டும் போர் மூண்டது. அதனால் நட்ட கை வீணாயிற்று என்று எவரே சொல்வார்?

லப்பைக்குடிக்காட்டிலிருந்தும் வ. களத்தூரிலிருந்தும் பிழைப்புக்காகக் கடல் கடந்தோர் பலர். ஒவ்வொரு பயணத்தின்போதும் வீட்டார் துஆச் செய்து வழியனுப்புகிறார்கள். திரும்பி வருவது உறுதியென்று அறிந்து புறப்படுபவர் எவருமில்லை. அறியாத நிலையிலும் புறப்படுவதே தவக்குல். ஆகவே கடனைத் தீர்ப்பதையும் வசிய்யத்தை எழுதுவதையும் நாளைக்கென்று ஒத்திப்போட வேண்டாம். பேச்சற்றுப்போன உடன்பிறந்தாருக்கு இன்றே ஸலாம் சொல்வோம். பேரப்பிள்ளைகளோடு மகிழ்ந்திருக்கும் நேரத்தையும் வீண்பொழுதென எண்ண வேண்டாம். மவுத்து குறுகியது என்று காட்டும் இந்நாள், நட்டு முடிக்கப் போதுமானதே.